பதினான்காம் பக்கத்து நடவு

காலை 6.10. முத்துப்பேட்டையில் பட்டுக்கோட்டை பஸ் ஏறினோம். இருபத்தேழு கிலோமீட்டர். எனக்கு இருபத்தைந்து ரூபாய், கயலுக்கு அரை டிக்கெட். கயல் என் மகள், ஐந்தாம் வகுப்பு. மடியில் ஒரே ஒரு புத்தகம். படித்துப் படித்து அட்டை பிய்ந்து, ஓரமெல்லாம் செல்லோடேப் ஒட்டியிருந்தாள்.

தஞ்சாவூரில் அன்று சிறுவர் நூல் விருது விழா. டெல்டாப் பள்ளிகளின் வாசகர் வட்டங்களுக்கு ஐந்து புத்தகங்களை அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகளே படித்து, பிள்ளைகளே ஓட்டுப்போட வேண்டும். பெரியவர்கள் மூக்கை நுழைக்கக் கூடாது. தேர்தல் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

7.20. பட்டுக்கோட்டையில் ஆளுக்கு இரண்டு இட்லி, அடுத்த பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கயல் விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மா, நான் நண்டு புக்குக்கு ஓட்டுப் போடல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் மடியிலிருந்த புத்தகம்தான் அது, வயல் நண்டு ஒன்றின் கதை. எழுதி வரைந்தவர் சென்னைக்காரர், கதிரவன் என்று பெயர். சாப்பிடும்போதும் அந்த நண்டுதான், தூங்கும்போதும் அந்த நண்டுதான்.

"ஏன்டி?"

பதினான்காம் பக்கத்தைத் திறந்தாள். பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். அழகான படம். ஆனால் நட்ட பயிர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது, வெறும் சேறு முகத்துக்கு முன்னால். நடவாட்கள் முன்னால் நடக்க மாட்டார்கள். நட்டுக்கொண்டே பின்னால் போவார்கள், நட்டது கண்ணுக்கு முன்னால் இருக்கும். நடவுக் காலத்தில் கயல் பள்ளிக்கூட வேனிலிருந்து தினமும் பார்க்கிறவள்.

"தப்புதானே? வரைஞ்சவர் இன்னைக்கு விழாவுக்கு வருவார்ல, அவர்ட்ட சொல்லப் போறேன். ஓட்டுப் போடாததையும் சொல்லணும். சொல்லலன்னா ஏமாத்துன மாதிரி இருக்கும்மா. ஆனா சொன்னா கையெழுத்துப் போடுவாரா?"

"தப்புதான். போன எடத்துல வாய வச்சுக்கிட்டு சும்மா இரு" என்றேன்.

8.30 வாக்கில் ஒரத்தநாடு தாண்டியது. ஆவணிக் கடைசி, வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடியது. சில வயல்களில் நடவு தொடங்கியிருந்தது. சற்றுத் தள்ளி ஒரு மதகு வரும். அதை ஒட்டி உள்ளே இறங்கினால் நான் பிறந்த தெரு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அங்கே எனக்கு வேலையில்லை. மதகு வந்தபோது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

9.40. தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது. விழா நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். முதல் நாள் முகூர்த்தத்து வாழை மரங்கள் வாசலில் அப்படியே நின்றன. எழுத்தாளர்களை மணமக்களின் சோபாவில் உட்காரவைத்திருந்தார்கள்.

நீந்தத் தெரியாத தவளையின் கதைக்கு விருது. எழுதிய அம்மையார் கோயம்புத்தூர்க்காரர். கடைசியில் தவளை எங்கே போனது என்று ஒரு சிறுமி மைக்கில் கேட்டாள். "எனக்கே தெரியாது கண்ணு, எங்கிட்ட சொல்லாமப் போயிருச்சு" என்றார். மண்டபமே சிரித்தது. கயல் சிரிக்கவில்லை. சோபாவின் ஓரத்தில் கை தட்டிக்கொண்டிருந்த கதிரவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

12.15. கையெழுத்து வரிசை. தவளைக்காரர் முன்னால் அறுபது பேர், நண்டுக்காரர் முன்னால் ஒன்பது பேர். எங்கள் முறை வந்தது. கயல் புத்தகத்தை நீட்டினாள்.

"சார், எனக்கு இந்த புக்குதான் ரொம்பப் புடிக்கும். ஆனா நான் ஓட்டுப் போடல."

கதிரவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பேனாவை மூடி வைத்தார். "ஏம்மா?"

"இந்தப் படம் தப்பு சார். நடுறவங்க பின்னாடி பின்னாடி போவாங்க. இவங்க முன்னாடி போறாங்க."

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "குனிஞ்ச ஆளுங்க மட்டும் இருந்த ஃபோட்டோ பாத்துதான் வரைஞ்சேன். ஃபோட்டோல எந்தப் பக்கம் நடக்கறாங்கன்னு தெரியாதில்ல" என்று தனக்கே சொல்வதுபோல் சொன்னார்.

வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் குறுக்கே வந்தார். "பாப்பா, இப்பல்லாம் மெஷின்தான் நடுது. கையெழுத்த வாங்கிட்டு நகரும்மா."

"புக்குல மெஷின் இல்லையே சார்" என்றாள் கயல்.

கதிரவன் எழுந்து நின்றார். "எப்படின்னு செஞ்சு காட்டுவியா?"

கயல் குனிந்தாள். இரண்டு கையையும் தரையில் வைத்தாள், ஓர் அடி பின்னால் போனாள், நின்றுவிட்டாள். வேனிலிருந்து பார்த்ததற்கு மேல் அவளுக்கு என்ன தெரியும்? "டவுன் புள்ளைக்கு இவ்வளவுதான் வரும்" என்று சிரித்தார் வரிசைக்காரர். கயலின் கண் நிறைந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளர். சொந்த ஊர் கேட்டால் ஒரத்தநாடு என்பேன், அதற்கு மேல் சொல்ல மாட்டேன். யாரும் கேட்டதில்லை, கயலும் கேட்டதில்லை. சொன்னால் ஒரு படி குறைத்துப் பார்ப்பார்கள் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

கைப்பையைக் கயலிடம் கொடுத்தேன். புடவையைத் தூக்கிச் செருகினேன். மேசையிலிருந்த கலர் பென்சில்களை இடது கையில் நாற்று முடிபோலப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். வலது கை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து மொசைக் தரையில் வைத்தது. இடமிருந்து வலம் ஒரு வரிசை, ஓர் அடி பின்னால். வலமிருந்து இடம் ஒரு வரிசை, ஓர் அடி பின்னால். இருபது வருஷம் கழித்தும் கைக்கு மறக்கவில்லை. நான்காவது வரிசையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர்ந்தபோது தவளை வரிசையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, உனக்கு நடத் தெரியுமா?"

"தெரியும். பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் லீவுல கூலிக்கு நட்டேன்" என்றேன். மண்டபத்துக்கே கேட்டிருக்கும். வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

கதிரவன் அதற்குள் புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் வரைந்துவிட்டிருந்தார். குனிந்த ஒரு பெண், முகத்துக்கு முன்னால் நட்ட பயிர், முதுகுக்குப் பின்னால் சேறு, பக்கத்தில் அந்த நண்டு. கீழே கையெழுத்து. "அடுத்த பதிப்புல பதினாலாம் பக்கத்த மாத்திடறேன். நீ ஓட்டுப் போடாதது நியாயம்" என்று கயலிடம் சொன்னார். என்னைக் கும்பிட்டார்.

மாலை 3.30. பட்டுக்கோட்டை பஸ். நாற்பத்தெட்டு கிலோமீட்டர், நாற்பத்திரண்டு ரூபாய். ஒரத்தநாடு நெருங்கும்போது கயல் கேட்டாள்.

"நீ எந்த வயல்ல நட்ட?"

மதகு தெரிந்தது. எழுந்துபோய் நிறுத்தச் சொன்னேன்.

"பட்டுக்கோட்டைக்குல்ல டிக்கெட் எடுத்தீங்க?" என்றார் கண்டக்டர்.

"பரவால்லண்ணே, எங்க ஊரு இதுதான்" என்றேன்.

கயல் புத்தகத்தோடு முதலில் இறங்கினாள்.