கண் பார்ப்பவளின் வாய்

"கண்ணெல்லாம் நன்னாத்தான் பாக்கறா. பேசறச்சேதான் பக்கத்துல உக்கார முடியலை."

டில்லி கரோல் பாக்கில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. எதிரில் இருப்பவர் முகத்தில் சோதனை ஃப்ரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாய் நாற்றம் உள்ளவர்கள் இந்தத் தொழில் பக்கமே வரக் கூடாது. நான் அதை நான்கு வருடம் படித்துவிட்டு வந்தேன்.

புரியாத பெண்

பக்கத்தில் உட்கார முடியவில்லை என்று சொன்னது கோல் மார்க்கெட்டிலிருந்து கணவருடன் வந்திருந்த ஒரு மாமி. தமிழில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் காது கேட்காது என்பது டில்லியில் நம்மவர்களின் நம்பிக்கை. நானும் அதுவரை ஹிந்திதான் பேசியிருந்தேன். இப்போது தமிழில் பதில் சொன்னால் மாமி முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? மூச்சைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் ஹிந்தியிலேயே முடித்து, சிரித்து வழியனுப்பினேன். வாசலில் மாமி கணவரிடம் சொன்னார்: "பாவம், ஒண்ணும் புரியாம எப்படிச் சிரிக்கிறது பாருங்கோ."

கழுத்து வலி

கொரோனா ஓய்ந்து எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிய பிறகும் நான் கழற்றவில்லை. தூசி என்பேன். டில்லியில் அதற்கு மறுபேச்சு கிடையாது. மறுத்தவர் ஒரே ஒருவர், காது மந்தமான ஒரு பஞ்சாபிப் பெரியவர். உதட்டைப் பார்த்தால்தான் பேச்சு புரியுமாம். கழற்றினேன். கேள்வியைக் கேட்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் எட்டிப் பார்ப்பார். நான் இன்னும் கொஞ்சம் திருப்புவேன். முடிவதற்குள் இருவருக்கும் கழுத்து பிடித்துக்கொண்டது. எழுந்தவர் கேட்டார்: "மகளே, கண்ணு சரியில்லாதது எனக்கா, உனக்கா?"

ரேகா தீதியின் தீர்ப்பு

யாரோ முதலாளி குப்தாஜியிடம் சொல்லியிருக்க வேண்டும். நல்ல மனிதர், எதையும் நேராகச் சொல்ல வராது. "தீபாவளிக் கூட்டம் மகளே, கொஞ்ச நாள் ஃப்ரேம் கவுண்டரில் நில்லேன்" என்றார். அப்போது நவராத்திரியே வரவில்லை. சோதனை அறைக்குப் பகுதி நேரமாக ஒருவர் வந்தார். நான் படித்த படிப்புக்கான நாற்காலி இனி எனக்குக் கிடைக்காது என்று தோன்றியது.

எங்கள் எல்லோருக்கும் அக்கா மாதிரி இருந்த, பில் போடும் ரேகா தீதிதான் விஷயத்தை உடைத்துச் சொல்லி டாக்டரிடம் அனுப்பினார். பல்லில் குறையில்லை. தொண்டை டாக்டர் டான்சிலில் சேரும் வெள்ளைக் கட்டிகளைக் காட்டினார். வரும், போகும், பார்த்துக்கொண்டால் போதும் என்றார். நாக்கு வழிக்க வேண்டும், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வேண்டும், முக்கியமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். மார்க்கெட்டில் டாய்லெட் தூரம் என்று நான் பகலில் தண்ணீரே தொடுவதில்லை. கடையில் நின்று வேலை பார்க்கும் பெண்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

இதில் கொடுமை, நம் வாய் நமக்குத் தெரியாது. அதனால் காலையில் கடை திறந்ததும் தீதியின் முகத்துக்கு நேரே "ஹா" என்று ஊதுவேன். சில நாள் மூக்கைச் சுளிப்பார். சில நாள் யோசிப்பார். வெளியே எதிர்க்கடை தெரியாத அளவுக்குப் புகை மூடியிருந்த ஒரு நவம்பர் காலையில் சொன்னார்: "இன்னைக்கு டில்லியைவிட நீ பரவாயில்லை."

குப்தாஜியின் கண்

குப்தாஜி தன் போனையே கையை நீட்டிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் பகுதி நேரக்காரர் வரவில்லை.

"இவள் பார்க்கட்டுமே" என்றார் தீதி.

"அவர் நாளைக்கு வருவாரே" என்று இழுத்தார் குப்தாஜி.

"தினமும் நான் மோந்து பார்க்கிறேன் குப்தாஜி. உயிரோடுதானே இருக்கிறேன்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. குப்தாஜி போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். லென்ஸைப் போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் பாதி திரும்பியபடி, "இது தெளிவா, அது தெளிவா?" என்றேன். "நேரே பார்த்துக் கேள்" என்றார். நேரே பார்த்துக் கேட்டேன். கடைசி வரி வரை படித்தார். பிறகு சோதனை ஃப்ரேமைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய், பெஞ்சில் கண் பரிசோதனைக்குக் காத்திருந்த ஒரு அம்மாவைக் கூட்டிவந்து என் முன்னால் உட்கார வைத்தார்.