ஜேம்ஸ் அண்ணனும் பங்களா புல் மெஷினும்

ஜேம்ஸ் அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்தாள்... நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

கீழ் கோத்தகிரி பக்கம் எங்கள் எஸ்டேட்டில் அவர்தான் மெக்கானிக். நான் ஆபீஸ் கிளார்க். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியை மூடியபோது எங்கள் துரை, அதாவது மேனேஜர், குன்னூருக்குப் போய்விட்டார். சாவிக்கொத்தோடு மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்.

துரையின் பங்களாவில் புல் வெட்டும் மெஷின் ஒன்று உண்டு, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி. அண்ணனுக்கு அதன்மேல் அப்படி ஒரு பாசம். அண்ணிக்கே பொறாமை என்று கிண்டல் செய்வோம்.

மூடிய பிறகும் சனிக்கிழமை தவறாமல் ஷெட்டைத் திறப்பார். ஆயில் அளவு பார்ப்பார், ஏர் ஃபில்டரைத் தட்டுவார், பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டுவார். அப்புறம் பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிடுவார்.

அந்தச் சத்தம் கீழே தொழிலாளர்களின் லைன் வீடுகள் வரைக்கும் கேட்கும். அதுதான் பிரச்சினை.

துரை பங்களாவில் இருந்தால்தான் புல் வெட்டுவது எங்கள் எஸ்டேட் வழக்கம். சத்தம் கேட்டதும் துரை வந்துவிட்டார், வேலை தொடங்கப்போகிறது என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் மேலே ஏறி வந்துவிடுவார்கள். சிலர் கொழுந்துக் கூடையோடு. இன்னும் ஒன்றும் இல்லை என்று வாராவாரம் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நான்.

ஒரு சனிக்கிழமை பாக்கியம் அக்கா காய்ச்சலோடு, நடுங்கிக்கொண்டே வந்து நின்றார். எனக்குத் தாங்கவில்லை. நேரே ஷெட்டுக்குப் போய்க் கத்தினேன்.

“இனிமே இதை ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணா. சனம் ஏமாந்து ஏமாந்து திரும்பிப் போகுது.”

ஆஃப் செய்துவிட்டார். “ஓட்டாம உட்டா இஞ்சின் ஜாம் ஆயிருமுங்க அம்மிணி,” என்றார். அவ்வளவுதான். சண்டைக்கு வரவில்லை.

அதற்கப்புறம் ஸ்டார்ட் செய்யவே இல்லை. பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கையாலேயே இஞ்சினைச் சுற்றிவிடுவார். பேட்டரியை வீட்டுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் போடுவார். சத்தமே வராது...

பெண்களும் வருவதை நிறுத்தினார்கள். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்குக் கிளம்பியது, பனியன் கம்பெனி வேலைக்கு. பாக்கியம் அக்காவும்தான். “இனி தொறக்க மாட்டாங்கதானே?” என்று போகும்போது என்னிடம் கேட்டார். மாட்டார்கள் என்றேன்.

எனக்கு என்ன தெரியும்? எல்லாம் தெரிந்த மாதிரி சொன்னேன்.

இரண்டே மாதம். புது முதலாளி வந்தார், ஃபேக்டரியைத் திறக்கப்போகிறோம், முதலில் பங்களாப் புல்லை வெட்டுங்கள் என்றார். மெஷின் முதல் சாவியிலேயே கிளம்பியது. அண்ணன் லான் முழுக்க ஓட்டினார்.

லைனிலிருந்து ஒரு ஆள் வரவில்லை. பாதி வீடு பூட்டிக் கிடந்தது. மீதிப் பேர் அந்தச் சத்தத்தை நம்பவில்லை.

அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட் பக்கம் பார்த்தார்.

“யாரும் வரலீங்களா அம்மிணி?”

நான் ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என்னால்தான் அண்ணா என்று சொல்லியிருக்கலாம். அதற்கப்புறம் எத்தனையோ முறை பார்த்தோம், டீ குடித்தோம், பிள்ளைகள் கல்யாணம் பேசினோம்... அதை மட்டும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு அடக்கம், மகள் வீடு இருக்கும் மேட்டுப்பாளையத்தில். நான் இப்போது இருக்கும் குன்னூரிலிருந்து பஸ் ஏறினேன், பர்லியார் தாண்டியாச்சு.

வந்துகொண்டே இருக்கிறேன் அண்ணா.