வாழைத்தண்டுக்கு எழுபத்திரண்டு துடிப்பு

தில்லைநகர் கம்பெனியில் நான் சேர்ந்த முதல் நாளே முதலாளி ரங்கராஜன் என் மேஜைமேல் ஒரு பட்டையை வைத்தார். மேல்கையில் கட்டிக்கொண்டால் ஈசிஜி அலை காட்டும் பட்டை. காட்ட வேண்டும் என்பது திட்டம். கையில் கிடைக்கும் இதய சிக்னல் மிகச் சின்னது. தசை அசைந்தால் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். இரைச்சலைக் கழித்து இதயத்தை மீட்பது என் வேலை. நம் ஊர்க்காரர்களோ கையை ஆட்டாமல் பேச மாட்டார்கள்.

நான் மீட்ட அலை கரடுமுரடாக இருந்தது.

"என்னங்க இது, கோழி கிளறின மாதிரி! கஸ்டமர் பயந்துடுவாரு. அழகா வரணும்" என்றார் முதலாளி.

"அழகா வரணும்னா இல்லாத துடிப்ப நாமதான் சார் வரையணும்."

"வரைங்களேன்! யாரு வேணாங்கறா?"

நான் மறுத்தேன். அவர் வெளியூர் நிபுணர் ஒருவரிடம், இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் நிரல் ஒன்றை எழுதி வாங்கிவந்தார். அலை கோலம் போட்டதுபோல் வந்தது. எனக்கு அது உறுத்தியது. காந்தி மார்க்கெட்டில் சமையலுக்கு வாங்கிய வாழைத்தண்டில் பட்டையைக் கட்டிப் பார்த்தேன். நிமிடத்துக்கு எழுபத்திரண்டு துடிப்பு!

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஆரோக்கியமான தண்டுங்க. நம்ம கஸ்டமர் என்ன வாழைத்தண்டா?" என்றார், சிரிக்காமல்.

தண்டு மதியம் பொரியலானது. அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் ஸ்ரீரங்கத்தில் ஓர் இதய டாக்டரின் கிளினிக்கில் டெமோ. அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டால் அவருடைய நோயாளிகள் எல்லோர் கையிலும் இந்தப் பட்டைதான். கோலத்தை நம்பி யாராவது நெஞ்சுவலியோடு வீட்டிலேயே இருந்துவிட்டால்?

டெமோ அன்று முதலாளி பட்டையைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டார். திரையில் கோலம். டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே, பழக்கதோஷத்தில், அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையை விடவில்லை.

"உங்களுக்குப் படபடப்பு இருக்கா?"

"டெமோன்னா எப்பவும் இருக்குங்க டாக்டர்."

"நாடி தாறுமாறா ஓடுது. ஸ்க்ரீன்ல ஒரு துடிப்பு கூடத் தப்பலையே?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஃபில்டர் இல்லாம காட்டுவீங்களா?"

நிபுணரின் ஃபில்டரை நிறுத்தி, நான் எழுதியதைப் போட்டேன். கோழி கிளறிய அலை வந்தது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் ஓர் ஒழுங்கும் இல்லை.

"அது வெறும் நாய்ஸுங்க" என்றார் முதலாளி. குரல் இறங்கியிருந்தது.

"இந்த நாய்ஸுக்குத்தான் சார் நான் மருந்து எழுதறேன். படுங்க."

கிளினிக்கின் பெரிய ஈசிஜி மெஷினும் அதையே சொன்னது. அன்றே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர்மேல் இருந்த கோபத்தையெல்லாம் மறந்து ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: இல்லாததை இல்லை என்று சொல்லத் தெரியாத மெஷின், இருக்கிறது என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

உடம்பு தேறி வந்த முதலாளி அதையே சட்டமாக்கினார். எந்தப் புது ஃபில்டரும் முதலில் வாழைத்தண்டுக்கு. அதில் ஒன்றும் வராவிட்டால்தான் மனிதர் கைக்கு. தண்டை அவரே வாங்கி வருவார். பிறகு தன் கையில் கட்டிக்கொண்டு, அசையாமல் திரையைப் பார்ப்பார்.

ஒருநாள், "கொஞ்சம் அழகு பண்ணட்டுமா சார்?" என்று சீண்டினேன்.

"வேணாங்க. கோழி கிளறினாலும் என்னோடதா இருக்கட்டும்."