கண்ணாடியைக் கழற்றச் சொன்ன டீச்சர்

செவ்வாய்க்கிழமை காலை வித்யா டீச்சரின் நம்பரிலிருந்து போன் வந்தது. வழக்கம்போல, "ஹோம்வொர்க் இன்னும் முடியல டீச்சர், அடிச்சிராதீய" என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல். "நான் அவ தம்பி பேசறேன். அக்கா இன்னிக்குக் காலம்பற போயிட்டா. டெங்கு." நான் சொன்ன கேலி அவர் காதில் விழுந்தது விழுந்ததுதான். என்ன செய்வது, திருப்பி வாங்க முடியவில்லை.

ஞாயிறுதோறும் தாராவியில் நம் சங்க அறைக்கு வந்து, கம்ப்யூட்டரில் கார்ட்டூன் மரம் செய்யக் கற்றுக்கொண்ட எல்லோருக்கும் அவரைத் தெரியும். திலக் நகரில் வீடு. செம்பூரில் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் வேலை. வயது முப்பத்திரண்டு. நான் ஐம்பதை நெருங்கியவன், ஐந்தாம் வகுப்போடு நின்றவன், தோல் பை தைத்தவன். முதல் நாள் என்னைப் பார்த்து, "பிள்ளையைக் கொண்டுவிட வந்தேளா அண்ணாச்சி?" என்றார். "பிள்ளையே நான்தான் டீச்சர்" என்றேன்.

மரத்துக்கு இலை இலையாக ஒட்டினேன். கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்றுவிட்டது. "இலையை எண்ணிண்டே இருந்தா மரம் எப்ப வரும்? மூணு உருண்டையை நசுக்கி வைங்கோ. அதுமேல கொத்துக் கொத்தா இலை போறும்" என்றார். "மூணு உருண்டைன்னா அது போண்டால்லா" என்றேன். அடுத்த ஞாயிறு என்னை மாட்டுங்காவுக்குக் கூட்டிப்போய், ஒரு பெரிய மரத்துக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தி, "கண்ணாடியைக் கழட்டுங்கோ" என்றார். கழற்றினேன். ஓர் இலைகூடத் தெரியவில்லை. மேலே மஞ்சள் கலந்த பச்சை, நடுவில் பச்சை, அடியில் நீலம் படிந்த இருட்டு. மூன்று உருண்டைகள்தான் நின்றன. "போண்டா சாப்பிடலாமா?" என்றார்.

டெக்ஸ்சர் என்கிற மேல்பூச்சுக்கு வந்தபோது, அடிமரத்தில் காவி, வெள்ளை, காவி என்று பட்டை போட்டுக் காட்டினேன். "மரத்துக்கு யார் கட்டுப் போட்டா?" என்றார். "பம்பாயில மரம்னா இப்படித்தானே இருக்கு?" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். நான் கேலிக்குச் செய்யவில்லை. முனிசிபாலிட்டிக்காரன் பூசாத மரத்தைக் கிட்டத்தில் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது, மறந்தே போயிருந்தது. டீச்சருக்கு அது புரிந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும், "அழிக்காதீங்கோ. ஜனங்க சாஞ்சு சாஞ்சு பூச்சு தேஞ்சிருக்குமே, அதையும் போடுங்கோ" என்றார்.

அந்த மரத்தை முடித்தால் தன் கம்பெனியில் காட்டுவதாகச் சொன்னார். தோள் போய் தையல் மெஷினை விட்டவனுக்கு அது சின்ன வார்த்தை இல்லை. கடைசியாக வந்த ஞாயிறு, நான் உச்சிப் பகுதியைத் தீட்டுவது பொறுக்காமல் மௌஸைப் பிடுங்கினார். பிடுங்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வெயில் படும் பக்கத்தை முழுசாக அவரே தீட்டினார். அதற்குள் வண்டிக்கு நேரமாகிவிட்டது. "நிழல் பக்கம் உங்களோடது. கறுப்பை அள்ளிப் பூசி ஏமாத்தினா கண்டுபிடிச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதிமூன்றாம் நாள் கழிந்த பிறகு உட்கார்ந்தேன். நிழல் பக்கத்தைத் தீட்டுவேன், அழிப்பேன், திரும்பத் தீட்டுவேன். என்ன நிறம் எடுத்தாலும் கடைசியில் கரியாகத்தான் வருகிறது. கண்ணாடியைப் போட்டும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். இது சரி, இது தப்பு என்று சொல்ல யாரும் இல்லை. கம்பெனியில் அவரைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது. நேற்று எல்லாவற்றையும் அழித்தேன், அதோடு விட்டுவிட்டேன். இனி நான் மரம் செய்வேன் என்று தோன்றவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது வெயில் பட்ட அந்தப் பாதி. மறுபாதி, நிறம் பூசுமுன் கம்ப்யூட்டர் கொடுக்குமே அந்தச் சாம்பல் நிறத்தில் அப்படியே நிற்கிறது.