அம்மா தோய்த்த வேட்டைச் சட்டை

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு உடுப்பு எடுப்பது அம்மாவின் அதிகாரம். அப்பா கடைக்கு வருவார், கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார், திரும்பச் சொன்னால் திரும்புவார், அவ்வளவுதான். கல்யாணவீட்டுச் சட்டையானாலும் சரி, காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலைக்குப் போடுகிற பனியனானாலும் சரி, அம்மா துணியை விரலால் உரசிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அப்பா பர்ஸைத் திறப்பார். ஆனால் வேட்டைக்கு உடுப்பு எடுக்கும் நாள் ஒன்று வரும் என்று அம்மாகூட நினைத்திருக்கமாட்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. டென்மார்க்கில் பிராண்டே என்ற சிற்றூரில் இருந்தோம். அப்பாவோடு வேலை செய்த ஒரு டேனிஷ்காரர், கதவில் தலை இடிக்கும் உயரமும் சின்னப்பிள்ளைச் சிரிப்பும் உள்ளவர், நவம்பர் மாதம் தங்கள் காட்டில் நடக்கும் வேட்டைக்கு அப்பாவைக் கூப்பிட்டிருந்தார். சுடுவதற்கு அல்ல. துவக்குக்காரர்கள் ஒரு பக்கம் நிற்க, மற்றவர்கள் வரிசையாக நடந்து தடியால் மரங்களைத் தட்டிப் பறவைகளைக் கிளப்ப வேண்டும். அந்தத் தட்டுகிற வேலைக்குத்தான். அப்பாவுக்கு அதுவே போதும். அத்தனை வருட வேலையில் அவரை யாரும் தொழிற்சாலை வாசலுக்கு வெளியே எங்கும் கூப்பிட்டதில்லை. செய்தியைச் சொன்ன அன்று, கறி விட மறந்து வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. அப்பா போன மாரியில் நியூமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியவர். அந்த இருமலைப் பக்கத்தில் படுத்துக் கேட்டவர் அம்மா. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார்.

"உடுப்பு நான் பாத்து எடுப்பன். அதைப் போட்டுக்கொண்டு போங்கோ. ஆனா நனைஞ்சு வந்தீங்களெண்டால் இதுதான் கடைசி. பிறகு ஆர் வந்து கூப்பிட்டாலும் நான் விடமாட்டன்."

அப்பா சரியென்று தலையாட்டினார். அதற்கு நான் சாட்சி. வீட்டுச் சட்டங்கள் எல்லாம் எனக்கு மட்டுமே என்றிருந்த காலத்தில் அப்பாவுக்கும் ஒரு சட்டம் வந்ததில் எனக்கு மகா சந்தோஷம்.

முதலில் வேட்டைச் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். அம்மா ஒரு பச்சைச் சட்டையைத் தடவினார், உட்பக்கத்தைப் பிரட்டித் தையலைப் பார்த்தார், பிறகு விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, சூட்டுச் சட்டியைத் தொட்டவர்போலக் கையை எடுத்தார்.

"உந்தக் காசுக்கு ஒரு கூறைச்சேலை எடுக்கலாம். குருவி கலைக்கப் போறதுக்கோ உது?"

விற்கிற பெடியன் ஓடிவந்து, அந்தத் துணி மழையையும் முள்ளையும் தாங்கும், நடக்கும்போது சரசரக்காது, மிருகங்களுக்குச் சத்தமே கேட்காது என்று நல்ல மனதோடு விளக்கினான். அம்மாவுக்கு டேனிஷ் விளங்கும். ஆனாலும் கடைகளில் விளங்காததுபோல நின்றால் யோசிக்க நேரம் கிடைக்கும் என்பது அவர் கொள்கை. ஆகவே நான் மொழிபெயர்த்தேன்.

"சட்டை சத்தம் போடாதுதான், விலை போடுற சத்தம் ஊருக்கே கேக்குமெண்டு சொல்லு" என்றார் அம்மா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அதன்பிறகு அம்மா தன் வழியில் இறங்கினார். மலிவாகச் சோடா வாங்க ஜேர்மன் எல்லைக்குப் போன சனிக்கிழமை, ஒரு குவியலுக்குள் கையைவிட்டுக் காட்டுப் பச்சையில் ஒரு கம்பளிச் சட்டையை இழுத்தெடுத்தார். ஒன்றின் விலைக்கு இரண்டு. சப்பாத்து, கமக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடையில். அப்பாவின் பாதம் சின்னது, ஆகவே சிறுவர் பகுதியில் அரைவிலைக்கு ஒரு சோடி றப்பர் சப்பாத்து கிடைத்தது. இரண்டு பக்கமும் சிவப்பு உழவு இயந்திரப் படம் இருந்தது. "காட்டில ஆர் பாக்கப்போறான்?" என்றார் அம்மா. அப்பாவும் குனிந்து பார்த்துவிட்டு, நல்ல உழவு இயந்திரம்தான் என்றார். துவக்குக்காரர் கண்ணில் படும்படி தொப்பியில் செம்மஞ்சள் பட்டி வேண்டுமாம். அதற்கு அம்மாவின் ரவிக்கைத் துணியில் மிச்சம் இருந்தது.

மேற்சட்டைதான் பெரும் பாடாய்ப் போனது. அதையும் தேவாலயத்துக்காரர் நடத்தும் பழைய சாமான் கடையில் அம்மா பிடித்துவிட்டார். தடித்த கரும்பச்சைச் சட்டை, உள்ளே கட்டம் போட்ட துணி, விலை ஒரு பிட்சாவை விடக் குறைவு. கடையில் இருந்த வயதான பெண் அதை ஒருமுறை தடவிக்கொடுத்து, இதைப் போட்டால் ஆயுசுக்கும் மழைக்குப் பயமில்லை என்றார். அம்மா வாசல்வரை வாயை மூடிக்கொண்டு வந்து, காருக்குள் ஏறியதும் வெற்றிச் சிரிப்புச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் அந்தச் சட்டை விரலில் ஒட்டியது.

"எண்ணெய்ப் பிசுக்கு. எத்தினை வருசத்து ஊத்தையோ! செத்த மனிசன் ஆரின்ரையுமாயிருந்தால்?"

அதற்குமேல் அந்தச் சட்டைக்கு விமோசனம் இல்லை. முதலில் மஞ்சள் தண்ணீரில் ஊறியது. பிறகு இயந்திரத்தில் அதிகூடிய சூட்டில் சுற்றியது. பிறகு குளியலறையில் அம்மா முழங்காலில் இருந்து பிரஷ் போட்டுத் தேய்த்தார். மண்ணிறத் தண்ணீர் ஓட ஓட அம்மாவுக்கு உற்சாகம் கூடியது. "பாத்தீங்களோ? பாத்தீங்களோ?" என்று எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மறுபடியும் இயந்திரம். கடைசியில் சட்டை வெளிறி, பஞ்சுபோல மெத்தென்று, சவர்க்கார வாசத்தோடு வந்தது. கை இரண்டுக்கும் கத்திமுனை மடிப்பு வைத்து அயர்ன் பண்ணினார். அந்தப் பிசுக்குத்தான் மழையைத் தடுக்கும் மெழுகு என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியாது.

வேட்டை நாள் விடிந்ததே மழையோடுதான். அப்பா உழவு இயந்திரச் சப்பாத்தும் மடிப்புக் கலையாத சட்டையுமாகப் போய் நண்பரின் காரில் ஏறினார். மழை பகல் முழுக்க விடவில்லை. அம்மா யன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தார். "நல்ல சட்டை, ஒண்டும் செய்யாது" என்று இடைக்கிடை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மாலையில் கார் வந்து நின்றது. அப்பா இறங்கினார், கையில் நீண்ட வால் வைத்த காட்டுக்கோழி இரண்டு. அம்மா கோழிகளைப் பார்க்கவே இல்லை. நேரே போய்ச் சட்டையின் தோளைத் தொட்டார், முதுகைத் தொட்டார். காய்ந்திருந்தது.

"நனையேல்லையோ?"

"ஒரு சொட்டும் உள்ளுக்குப் போகேல்லை. நீர் பாத்து எடுத்த சட்டையெண்டால் சும்மாவே?"

உண்மையில், முதல் அரைமணிக்குள்ளேயே அப்பா தெப்பமாக நனைந்துவிட்டாராம். வேட்டைக்காரரின் மரக்குடிலில், அடுப்பின்மேல் கயிறு கட்டி அத்தனையையும் காயவைத்து, அதற்குள் தானும் காய்ந்து வந்திருக்கிறார். நண்பர் வெகுகாலம் கழித்து இதைச் சொல்லிச் சிரித்தார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்தக் குடிலில் கண்ணாடி இல்லை.

அப்பா மேற்சட்டையைக் கழற்றினார். மலிவுக் கம்பளிச் சட்டையையும் கழற்றினார். உள்ளே வெள்ளைப் பனியன் பச்சையாக இருந்தது. கழுத்து பச்சை. கைகள் முழங்கைவரை பச்சை. காதுக்குப் பின்னால்கூட ஒரு கோடு.

"அப்பா, நீங்கள் முழுக்கப் பச்சை!" என்று டேனிஷில் கத்தினேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்பா குனிந்து தன்னைப் பார்த்தார்.

"அது… இலை. காட்டுக்குள்ள இலையள் உரசினது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அன்றுதான் நேரில் கண்டேன். நவம்பரில் எந்த மரத்தில் இலை? இருந்தாலும் எந்த இலை பனியனுக்குள் புகுந்து சாயம் பூசும்? நான் அம்மாவைப் பார்த்தேன். சட்டம் போட்டவர் அவர், தீர்ப்பும் அவர்தான் சொல்லவேண்டும். அம்மா அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஓம், இலைதான். நீ போய் அப்பாவுக்குத் துவாய் எடுத்துவா."

அப்பா சுடுதண்ணீரில் குளித்து வந்தார். அப்போதும் கழுத்து பச்சைதான். அம்மா இஞ்சி போட்டு மல்லித்தண்ணி கொதிக்கவைத்துக் கொடுத்தார், ஒன்றுக்கு இரண்டு கோப்பை. நெஞ்சில் வேப்பெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தார். நனையாத மனிதருக்கு இவ்வளவு வைத்தியம் எதற்கு என்று கேட்டேன். வாயை மூடச் சொன்னார்கள், இரண்டு பேருமே.

பிறகு அப்பா கதைக்கத் தொடங்கினார். வரிசையில் தனக்குப் பக்கத்தில் நடந்தவர் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாராம். அவர் மனைவியை ஏமாற்றித்தான் வந்தாராம். தன் உழவு இயந்திரச் சப்பாத்தைப் பார்த்து எல்லோரும் சிரிக்க, ஒருவர் எங்கே வாங்கினாய், பேரனுக்கு வேண்டும் என்று கேட்டாராம். வேட்டை முடிந்ததும் பறவைகளைப் புல்லில் வரிசையாகக் கிடத்தி, கொம்பு ஊதி, பெரிய மனிதர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்களாம்.

"செத்த கோழிக்கோ?" என்றார் அம்மா.

"ஓமப்பா. நானும் கழட்டினனான்."

அம்மா சிரித்துச் சிரித்து, கோழி உரித்துக்கொண்டிருந்த கையால் கண்ணைத் துடைத்தார். கொம்பை எப்படி ஊதினார்கள் என்று கேட்டார். அப்பா எழும்பி நின்று, கன்னத்தை உப்பி ஊதிக் காட்டினார்.

"அடுத்தது எப்பவாம்?" என்று அம்மா கேட்டார்.

"தையில."

"அதுக்கிடையில வேறை சட்டை எடுக்கவேணும். உது நிறம் மங்கிப்போச்சு."

"நல்ல சட்டைதானே?"

"நல்ல சட்டைதான். நிறம் சரியில்லை."

அடுத்த கிழமை அம்மா முதலில் பார்த்த அந்தக் கடைக்கே போய், சத்தம் போடாத சட்டையை வாங்கிவந்தார். இந்த முறை தையலையும் பார்க்கவில்லை, விலையைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவில்லை.

எனக்கோ வயிறெரிந்தது. ஈரக் காலுறையோடு சோபாவில் ஏறியதற்கு ஒரு கிழமை தொலைக்காட்சி இழந்தவள் நான். உடம்பெல்லாம் சாட்சி பூசிக்கொண்டு வந்து நின்ற மனிதருக்குப் பரிசாகப் புதுச்சட்டை. பெரியவர்களுக்கு ஒரு நீதி, எனக்கு ஒரு நீதி என்று அன்றிரவு போர்வைக்குள் அழுதேன்.

வேலை முடிந்து வந்தால் அப்பா "ஓம்", "இல்லை", "காணும்" என்ற மூன்று சொல்லோடு சாப்பிட்டுப் படுப்பவர். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான். எல்லா அப்பாக்களும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். வேட்டையிலிருந்து வந்த அன்று அவர் நான்கு மணித்தியாலம் வாய் மூடாமல் கதைத்தார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.