சிரித்து முடிக்கும்வரை படம் நிற்கும்

போன ஞாயிறு திருமுல்கேரியில் ஒரு படம் பார்த்தேன். ஒன்றரை மணி நேரப் படம். பார்த்து முடிக்க மூன்று மணி நேரம் ஆனது!

தமிழும் தெலுங்கும் இந்தியும் கலந்து பேசும் எங்கள் காலனி ஹாலில் ஞாயிறுதோறும் பழைய படம் போடுபவர் விமலா அக்கா. ஆசையாகத்தான் போடுகிறார், கூட்டம்தான் நிற்பதில்லை. அன்று செயலாளர் நாகராஜன் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"அக்கா, இன்னிக்கும் ஜனம் பாதியில எழுந்து போச்சுன்னா, அடுத்த ஞாயிறுலேர்ந்து இங்க நம்பர் கூப்பிடற தம்போலா ஆட்டம்தான்."

"ஹவ், ஹவ், சரி... மொதல்ல உட்காரு."

கறுப்பு வெள்ளை ஹாலிவுட் காமெடி. மேடையில் பேர் வாங்கிய நாடகத்தை அப்படியே படமாக்கியிருந்தார்கள். ஒரு வீடு, நாலு கதவு, ஒரு பொய். பொய் சொன்னவன் ஒரு கதவில் நுழைய, ஏமாந்தவர் அடுத்த கதவில்... வசனமோ எக்ஸ்பிரஸ் வேகம்!

முன்வரிசை சிரித்தது. அந்தச் சத்தத்தில் அடுத்த வசனமெல்லாம் காலி. "க்யா போலா?" "ஏமன்னாடு?" "என்னப்பா சொன்னான்?" — அதற்குள் கதை அடுத்த கதவையும் தாண்டிவிட்டது. பின்வரிசையில் நாற்காலிகள் நகர ஆரம்பித்தன.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினார்.

"எல்லாரும் சிரிச்சு முடிங்க. அப்புறம் போடறேன்!"

பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போன நாடகக் குழுவுக்குத் திரை இழுத்தவன் நான். நாடகம் நடந்தால் சாப்பாடு, நடக்காவிட்டால் டீ. மேடையில் ஜோக் சொன்னவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பார். சினிமாவில் இருப்பவர் காத்திருப்பாரா? நாம் சிரிப்பதே அவருக்குத் தெரியாதே! அக்காவின் கோபம் அவரை நிற்க வைத்துவிட்டது.

அந்த இடைவெளியில், புரிந்தவர்கள் புரியாதவர்களுக்கு மூன்று மொழியில் சொன்னார்கள். இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரிது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அப்புறம் ஒவ்வொரு ஜோக்குக்கும் ஒரு நிறுத்தம்தான். வெளியே ஷட்டில் ஆடியவர்கள்கூட மட்டையோடு உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள்.

"அக்கா, ஸ்டாப்... ஸ்டாப்! மூச்சு முட்டுது!"

கத்தியது யார்? சாட்சாத் நாகராஜன்!

படம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அடுத்த வாரம் என்ன படம்க்கா?"

"கைக்கு? எதுக்குக் கேக்கறே? அடுத்த வாரம் தம்போலா ஆச்சே!"

"நக்கோ அக்கா, வேணாம்... அதைச் சனிக்கிழமைக்குத் தள்ளிடறேன்."

யாரையாவது சிரிக்க வைக்க வேண்டுமா? சொல்லிவிட்டு... கொஞ்சம் நில்லுங்கள்.