ஏழுமலையின் வலது கையும் என் இடது கையும்

செவ்வாய்க்கிழமை காலை எடைக் கருவியின் மேல் நின்றுகொண்டிருந்தேன். டயாலிசிஸ் பிரிவுக்குள் நுழைந்ததும் எங்களுக்கு முதல் வேலை அதுதான். டெக்னீஷியன் பெண் எடையைக் குறித்துக்கொண்டார். பிறகு நிமிராமலேயே, "சார், ஏழுமலை அண்ணன் நேத்து காலைல தவறிட்டாரு. வூட்லயே மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள..." என்றார். நான் கருவியிலிருந்து இறங்காமல் நின்றேன். சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் டயாலிசிஸ் இல்லாத இரண்டு முழு நாட்கள் வரும். உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் நாட்கள் என்பதால் நாங்கள் பயந்து பயந்துதான் அவற்றைக் கடப்போம். இந்த முறை ஏழுமலையால் கடக்க முடியவில்லை.

உள்ளே போனால் அவருடைய கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்து பிறப்பு இறப்புப் பதிவேட்டிலேயே காலத்தைக் கழித்தவன் நான். ஒரு பெயருக்குக் கீழே அடுத்த பெயர் வந்துதான் ஆகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கட்டிலுக்காக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் அந்தப் புது மனிதர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏழுமலையை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். சொந்த ஊர் சோரியாங்குப்பம். மின்துறையில் லைன்மேனாக இருந்தவர். வயது நாற்பத்தாறுதான். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன பிறகு கம்பம் ஏற முடியாமல் போனது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், எனக்கு இடப்பக்கக் கட்டிலில் படுத்திருப்பார். அவருக்கு இடது கையில் ஊசி. எனக்கு இடது கை நரம்பு சரிவராமல் வலது கையில் ஊசி. ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது. அசைத்தால் இயந்திரம் அலறும். ஆக, அவருடைய வலது கையும் என் இடது கையும்தான் சும்மா இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்பு ஸ்டூல்.

நான் அங்கே சேர்ந்த புதிதில் யாரோடும் பேசமாட்டேன். ஒருநாள் அவர் ஸ்டூலின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். நர்ஸ்கள் போடும் கையுறையைச் சுற்றி வருமே, அந்தத் தாள்.

"அண்ணே, கொஞ்சம் கை குடேன்."

"எதுக்கு?"

"ஒத்தக் கையால மடிக்க வரலண்ணே. நீ அந்த ஓரத்தப் புடி, நான் இந்த ஓரத்த இழுக்கறேன்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. காகிதம் மடித்து விளையாடும் வயதா எங்களுக்கு? இருந்தாலும், கேட்கிறாரே என்று பிடித்தேன். அரை மணி நேரம் போராடிக் கோணல் மாணலாக ஒரு தவளை வந்தது. அதன் முதுகை அவர் அழுத்தி விட்டதும் அது துள்ளி எதிர்க்கட்டில் அம்மாவின் போர்வையில் போய் விழுந்தது. அந்த அம்மா "ஐயோ" என்று கத்த, நான் சிரித்துவிட, என் கை அசைந்து இயந்திரம் அலற, டெக்னீஷியன் பெண் ஓடிவந்து எங்கள் இருவரையும் திட்டித் தீர்த்தார். நான் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

மடிப்பதில் ஏழுமலை மகா கறார். அலுவலகத்தில் கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் திணித்துப் பழகியவன் நான். பட்டென்று அழுத்திவிடுவேன். "இன்னாண்ணே அவசரம்? நாலு மணி நேரத்துக்கு எங்க ஓடப் போற? ஓரத்தோட ஓரம் வந்து சேரட்டும். அப்புறம் நகத்தால ஒரு இழு" என்பார். மடிப்பு பிசகினால் முதலிலிருந்து பிரிக்க வைப்பார். நான் முறைத்தால், "மொறைக்காதண்ணே, பிரஷர் ஏறும்" என்பார்.

அவரிடம் கோடு போடாத பெரிய நோட்டு ஒன்று இருந்தது. டயாலிசிஸ் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். மேலே அன்றைய எடை, கீழே ஒரு படம். பெரும்பாலும் புள்ளி வைத்து இழுத்த கோலங்கள். நடுநடுவே பாகூர் ஏரிக்கரை, கரும்பு லாரி, டிரான்ஸ்ஃபார்மர். ஓரத்தில் மாத்திரை அட்டையின் வெள்ளித்தகடோ பஸ் டிக்கெட்டோ ஒட்டியிருக்கும். லைன்மேன் கோலம் போடுகிறாரே என்று ஒருமுறை கேலி செய்தேன். "கம்பத்துக்குக் கம்பம் லைன் இழுத்தவண்ணே நானு. புள்ளிக்குப் புள்ளி இழுக்கறது இன்னா பெரிய வேலை?" என்றார். இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டதற்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. "யாரும் பாக்க வேணாண்ணே. இங்க படுத்துக் கெடந்த நேரம் எங்க போச்சின்னு எனக்குத் தெரியணும் இல்ல?"

இனி எழுதப் போவது என் மகனுக்குக்கூடத் தெரியாது.

சென்ற ஆண்டு ஒரு கட்டத்தில் எனக்கு எல்லாமே அலுத்துப்போனது. குடிக்கும் தண்ணீரை அளந்து, கால் நரம்பு இழுத்து, வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்து, மறுபடியும் ஊசி. இனி போவதில்லை என்று முடிவு செய்தேன். போகாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு வியாழக்கிழமை, இயந்திரம் பழுது என்று மகனிடம் பொய் சொல்லிவிட்டு மூலக்குளத்தில் எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். மறுநாள் மாலை ஏழுமலை போன் செய்தார். உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை.

"அண்ணே, பூவு பாதில நிக்குது. எட்டு இதழுல அஞ்சி தான் ஆயிருக்கு. நேத்து நான் மட்டும் மடிச்சிப் பாத்தேன், வரல. நாளைக்கு வந்துருவ இல்ல?"

பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். ஆனால் அன்று இரவு முழுக்க மீதி மூன்று இதழ்கள் மனதை அரித்துக்கொண்டே இருந்தன. இன்னொரு கை இல்லாமல் ஒரு மனிதர் காத்திருக்கிறார், நான் பாட்டுக்குப் படுத்திருக்கிறேனே என்று இருந்தது. சனிக்கிழமை போனேன். அவர் நோட்டைத் திறந்து காட்டினார். வியாழக்கிழமைப் பக்கத்தில் படம் இல்லை. பாதி மடித்துக் கசங்கிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. "ஒத்தக் கையால இவ்ளோ தாண்ணே வந்துச்சி" என்றார். அதன்பின் நான் ஒரு நாள்கூடத் தவறவில்லை. எனக்காகப் போனேன் என்று சொன்னால் அது பொய். அவருக்குக் கை வேண்டுமே என்றுதான் போனேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சோரியாங்குப்பம் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்ததும் அவருடைய மனைவி வசந்தா மூன்று நோட்டுகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மூன்றாவதுதான் நான் பார்த்த நோட்டு. மற்ற இரண்டும் நான் அங்கே சேர்வதற்கு முந்தியவை. அந்த இரண்டையும் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் கையுறைத் தாளில் மடித்த பூக்கள், மீன்கள், நட்சத்திரங்கள். ஒரு மடிப்பும் பிசகவில்லை. எட்டு இதழ்ப் பூவே நான்கைந்து இருந்தன. என் கை பட்ட எதுவும் அத்தனை ஒழுங்காக வந்ததில்லை.

"இதெல்லாம் வூட்ல மடிச்சதாம்மா?" என்று கேட்டேன்.

"வூட்ல எங்கண்ணே மடிச்சாரு? அங்க படுத்துக்கினே செஞ்சது தான். முட்டிய மடக்கித் தொடை மேல தாள வச்சிக்கினு, ஒத்தக் கையாலயே சர்ரு சர்ருன்னு மடிப்பாரு. நான் பக்கத்துல ஒக்காந்து பாத்திருக்கனே."

வசந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க வந்த புதுசுலயே சொன்னாரு. புதுசா ஒரு அண்ணன் வந்துருக்காரு, மொகமே சரியில்ல, வுட்டா வராம நின்னுருவாருன்னு. இவரும் ஒருதபா போவ மாட்டேன்னு படுத்தவரு தானே. அந்த மொகம் அவுருக்குத் தெரியும்."

அங்கிருந்து பஸ் ஏறும்வரை எனக்கு அவர் மேல் கோபம்தான். வியாழக்கிழமைப் பக்கத்தில் ஒட்டியிருந்த அந்தக் கசங்கிய தாளை வேண்டுமென்றே கெடுத்திருக்கிறார். அத்தனை சுத்தமாக மடிக்கத் தெரிந்த மனிதர், என் கோணல் மடிப்புகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு வாரத்துக்கு மூன்று நாள் என்னிடம் கை கேட்டிருக்கிறார். பாகூர் தாண்டியதும் அழுகை வந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என்னவென்று கேட்டார். தம்பி இறந்துவிட்டான் என்று சொன்னேன்.

நோட்டுகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார் வசந்தா. வேண்டாம், பிள்ளைகள் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஏழுமலையிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் சொன்ன அந்த ஒரு பொய்யைத்தான். எனக்கு உதவி செய்தவர்கள் பலர் உண்டு, அவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறேன். என்னிடம் உதவி கேட்டு என்னை உயிரோடு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு மட்டும் நன்றி சொல்லவில்லை. அவருக்குத்தான் நான் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.